மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சிப் பட்டறை: முதன்முறை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல பட்டறைகள் தலைகீழாகத்தான் தொடங்குகின்றன. முதலில் நிதி கிடைக்கிறது, பிறகு ஒரு கூடம் அமைகிறது. மெழுகுவர்த்தி, காகிதப் பை என்று எளிதாகத் தோன்றும் ஏதோ ஒரு தொழிலை முடிவு செய்கிறார்கள். கற்றுக்கொள்ள ஆள் தேடுவது கடைசியாகத்தான். சில மாதம் கழித்துச் சான்றிதழ் கொடுத்து, புகைப்படம் எடுத்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த மெழுகுவர்த்தியை யார் வாங்கப் போகிறார்கள், வந்தவர்களில் எத்தனை பேருக்கு மெழுகுவர்த்தி செய்ய ஆசை இருந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வரிசையை மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்றுநராகவோ ஒருங்கிணைப்பாளராகவோ நீங்கள் முதன்முறை இந்த வேலைக்கு வந்திருக்கலாம். சிறப்புக் கல்வியில் பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தொழிலை நன்றாகத் தெரிந்த ஒருவரும், எதிரில் இருப்பவரைக் கூர்ந்து கவனிக்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் நல்ல பட்டறை நடத்தலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

1. முதலில் வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பயிற்சி கொடுத்துவிட்டு வேலை தேடுவது ஒரு முறை. வேலையை முதலில் பிடித்துவிட்டு, அந்த இடத்திலேயே பழக்குவது இன்னொரு முறை. கடுமையான மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்காக 1990-களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் இந்த இரண்டாவது முறையை ஒழுங்குபடுத்தினார்கள். நீண்ட தயாரிப்பு வகுப்புகள் கிடையாது. என்ன வேலை வேண்டும் என்று அவரிடமே கேட்பார்கள், சீக்கிரம் சேர்த்துவிடுவார்கள், சேர்ந்த பிறகும் கூடவே துணை நிற்பார்கள். பல நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், வழக்கமான பயிற்சிக்குப் போனவர்களைவிட இந்த வழியில் வந்தவர்களில்தான் அதிகம் பேர் சம்பள வேலைக்குப் போனார்கள்.

எல்லாப் பட்டறையும் முழுதாக அப்படி மாற முடியாது. ஆனால் தொழிலை முடிவு செய்யும் முன் நான்கைந்து பணியிடங்களுக்குப் போய்வருவது யாராலும் முடியும். அச்சகம், தையல் கூடம், கிடங்கு, கணினி அலுவலகம், நாற்றங்கால், மின்சாதனப் பழுதுபார்க்கும் கடை என்று பக்கத்தில் எது இருந்தாலும் சரி. அரை நாள் ஓரமாக நின்று பாருங்கள். எந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை? எது நாள் முழுக்க ஒரே மாதிரி நடக்கிறது, எது மணிக்கு மணி மாறுகிறது? சத்தம் எவ்வளவு? புதிதாக வருபவருக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? கூலி நாள் கணக்கிலா, எண்ணிக்கைக் கணக்கிலா? இந்தக் குறிப்புகள்தான் உங்கள் பாடத்திட்டத்தின் அடிப்படை.

இன்ன குறைபாட்டுக்கு இன்ன தொழில் என்று பட்டியல் போடுவதை விட்டுவிடுங்கள். பார்வையற்றவர் என்றால் நாற்காலி பின்னுவது, காது கேளாதவர் என்றால் தையல் என்பதெல்லாம் பழைய நிறுவனங்களின் வசதிக்காக உண்டான பழக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேசத் தொழில்திறன் போட்டி அபிலிம்பிக்ஸ், 1981-இல் டோக்கியோவில் தொடங்கியது. மரச்சாமான் செய்வது, ஆடை தைப்பது, புகைப்படக்கலை, கணினி நிரலாக்கம் என்று அதில் பல துறைகளிலும் போட்டி போடுகிறார்கள். ஒருவரால் என்ன முடியும் என்ற எல்லையை அவரைப் பார்ப்பதற்கு முன்பே நாம் போட்டுவிடக் கூடாது.

2. ஆளிடம் பேசுங்கள், கூட வந்தவரிடம் அல்ல

பட்டறைக்குச் சேர வருபவர் பெரும்பாலும் அம்மாவோடோ அண்ணனோடோ வருவார். நம் கண்ணும் கேள்வியும் தானாகவே கூட வந்தவர் பக்கம் போகும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் முதல் பயிற்சி, அது நமக்கான பயிற்சி. கேள்வியை அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரம் ஆனால் காத்திருங்கள். பேச்சு தெளிவாக இல்லாதவர் சொல்வது புரியவில்லை என்றால், புரிந்த மாதிரி தலையாட்டாமல், "மறுபடியும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் ஆரம்பித்த வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. அதன் 27-ஆம் பிரிவு, தானே விரும்பித் தேர்ந்த அல்லது ஏற்றுக்கொண்ட வேலையில் பிழைக்கும் உரிமையைப் பேசுகிறது. விருப்பம் என்பது படிவத்தில் ஒரு கட்டத்தில் நிரப்பும் சொல் அல்ல. வெளி உலகத்தை அதிகம் பார்க்காதவரிடம் "என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. இரண்டு மூன்று வேலைகளைக் கையால் செய்து பார்க்க வையுங்கள், அப்புறம் கேளுங்கள். எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறார் என்று பாருங்கள். அவர் வாய்விட்டுச் சொல்வதைப் போலவே அதுவும் ஒரு பதில்தான்.

மருத்துவ வரலாறு முழுவதையும் கேட்க வேண்டாம். பட்டறைக்குத் தேவையானது கொஞ்சம்தான். ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடியும், மருந்து எடுக்கும் நேரம் எது, வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்ய வேண்டும், உடம்பில் எந்தப் பகுதியிலாவது உணர்ச்சி இல்லையா, வீட்டிலிருந்து எப்படி வருவார் என்பதைக் கேட்டால் போதும். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் பலருக்கும் காரணம் பாடம் அல்ல, பயணம்.

3. இடத்தை அளவுநாடாவோடு பாருங்கள்

"எங்கள் கூடத்தில் வசதி இருக்கிறது" என்று யார் சொன்னாலும் நீங்களே அளந்து பாருங்கள். சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. வாசல்படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 180 செ.மீ. நீளமாவது வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால், சக்கர நாற்காலியை யாராவது தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கதவு திறந்தபின் உள்ளே நுழையும் அகலம் 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் நல்லது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் தேவை. கழிப்பறையிலும் அந்த இடம் வேண்டும். மேசைக்கு அடியில் முழங்கால் நுழையும் உயரம், ஏறக்குறைய 70 செ.மீ., இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்குச் சட்டம் இருந்தால் கழற்றிவிடலாம்.

கழிப்பறை சரியில்லாத இடத்தில் பட்டறை நடத்தாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. கழிப்பறைக்குப் போக முடியாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருபவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள்.

பார்வையற்றவர்கள் பழகும் கூடத்தில் பொருள்களை இடம் மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் சொல்லிவிட்டு, கூட நடந்து காட்டிவிட்டு மாற்றுங்கள். கருவிகளை விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்தால் உருளாது, தேடவும் எளிது. காது கேளாதவர்கள் இருந்தால், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். வெளிச்சம் பின்னால் இருந்தால் உங்கள் முகமும் மொழிபெயர்ப்பாளரின் கையும் நிழலாகத்தான் தெரியும். தீ எச்சரிக்கை மணி ஒலிக்கவும் வேண்டும், மின்னவும் வேண்டும்.

4. வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் மையம். 1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆசிரியர், எதையும் கற்க முடியாது என்று ஒதுக்கப்பட்டிருந்த, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மிதிவண்டி பிரேக்கைப் பாகம் பாகமாகப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பல சிறு பாகங்களை வரிசை தப்பாமல் கோக்க வேண்டிய வேலை அது. அதை அவர்கள் செய்தார்கள். மாணவர் கற்கவில்லை என்றால், நாம் சொல்லித்தரும் வழி இன்னும் சரியாக அமையவில்லை என்பதே அவர் எடுத்துக்கொண்ட நிலைப்பாடு. மருத்துவச் சீட்டில் எழுதியிருக்கும் குறைபாட்டின் பெயரைப் பார்த்துவிட்டுக் கற்றுத்தரும் பொறுப்பிலிருந்து நாம் நழுவ முடியாது என்பதை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

எப்படிப் பிரிப்பது? தையல் இயந்திரத்தில் ஒரு நேர்த்தையல் போடுவதை எடுத்துக்கொள்வோம். தெரிந்தவருக்கு இது ஒரே வேலை. மெதுவாகச் செய்து பார்த்தால் எத்தனை வேலை என்று தெரியும். துணியின் இரண்டு விளிம்பையும் சேர்க்க வேண்டும், துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தைத் தூக்க வேண்டும், துணியை உள்ளே நுழைக்க வேண்டும், விளிம்பை அடையாளக் கோட்டோடு ஒட்டி வைக்க வேண்டும், பக்கச் சக்கரத்தைச் சுற்றி ஊசியை இறக்க வேண்டும், பாதத்தை இறக்க வேண்டும், இரண்டு கையையும் துணியின் மேல் வைக்க வேண்டும், பெடலை மெதுவாக அழுத்த வேண்டும். இன்னும் தையலே தொடங்கவில்லை.

இந்தப் பட்டியலை மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். நீங்கள் செய்யுங்கள், இன்னொருவர் பார்த்து எழுதட்டும். அதன்பின் தையலே தெரியாத ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து, அதில் உள்ளதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று விழிக்கிறாரோ அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

பட்டியல் தயாரான பிறகுதான், ஒவ்வொருவருக்கும் எந்தப் படியில் சிக்கல் வரும் என்று பார்க்க முடியும். பார்வையற்றவருக்குச் சிக்கல் தையலில் இல்லை, "அடையாளக் கோட்டோடு ஒட்டி" என்ற ஒரு படியில்தான். இயந்திரத்தின் தட்டில் கோடு இருக்கும் இடத்தில் தடிமனான நாடாவையோ காந்தப் பட்டையையோ ஒட்டிவிட்டால், விளிம்பு அதில் முட்டுவதை விரல் உணரும். ஊசியில் நூல் கோக்க, பக்கவாட்டில் பிளவு உள்ள ஊசிகள் கிடைக்கின்றன. கால் இயங்காதவருக்குச் சிக்கல் பெடல் மட்டும்தான், மோட்டார் இயந்திரத்தின் பெடலை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தலாம். நூல் சிக்கினால் இயந்திரத்தின் சத்தம் மாறும், காது கேளாதவருக்கு அது எட்டாது. மேசையில் உள்ளங்கையை வைத்து, ஒழுங்காக ஓடும்போது வரும் அதிர்வையும் சிக்கும்போது வரும் அதிர்வையும் பிரித்தறியப் பழக்குங்கள். "இவரால் தைக்க முடியுமா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் படி தடுக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நீளமான வேலையைக் கடைசிப் படியிலிருந்தும் தொடங்கலாம். எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டு, முடிக்கும் படியை மட்டும் அவரிடம் விடுங்கள். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படியைச் சேருங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் முடிந்த பொருள் அவர் கையில்தான் இருக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும், பலமுறை தோற்றுச் சலித்துப் போனவர்களுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது.

உதவியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கை பிடித்துச் செய்ய வைப்பது, லேசாகத் தொட்டுக் காட்டுவது, விரலால் சுட்டுவது, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது என்று இறங்குங்கள். புதியவர்கள் சறுக்குவது கடைசி இடத்தில்தான். ஐந்து நொடி அமைதியைத் தாங்க முடியாமல் வாயைத் திறந்துவிடுவோம், அந்த ஐந்து நொடியில்தான் அவர் யோசித்துக்கொண்டிருப்பார். நோட்டில் ஒவ்வொரு படிக்கும் எதிரே "தானாக", "சைகையோடு", "உதவியோடு" என்று தினமும் குறித்து வாருங்கள். முதலில் சரியாகச் செய்யட்டும், வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

5. சொல்லித்தரும் விதம்

காது கேளாதவருக்குச் செய்து காட்டும்போது, செய்வதும் சொல்வதும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. அவருடைய கண் உங்கள் கையைப் பார்க்குமா, மொழிபெயர்ப்பாளரைப் பார்க்குமா? முதலில் சொல்லுங்கள், நிறுத்துங்கள், பிறகு செய்யுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை உங்கள் பக்கத்திலேயே நிற்க வையுங்கள். நீண்ட வகுப்பு என்றால் இருவர் வேண்டும், ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். தொழிலின் சொற்களுக்குச் சைகை இல்லாமல் போகலாம். பாபின் (அடிநூல் சுற்றும் உருளை), பாதம், மடிப்பு போன்றவற்றுக்கு என்ன சைகை என்பதை வகுப்பில் உள்ள காது கேளாதவர்களே முதல் நாளில் பேசி முடிவு செய்யட்டும். குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம்.

பார்வையற்றவரிடம் "இங்கே", "அப்படி" என்ற சொற்களுக்கு வேலை இல்லை. "உங்கள் வலக்கைக்கு ஒரு சாண் தள்ளி" என்று சொல்லுங்கள். கையால் காட்ட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அவர் கையைப் பிடித்து இழுப்பதைவிட, உங்கள் கைமேல் அவர் கையை வைக்கச் சொல்லி, நீங்கள் செய்வதை அவர் உணரும்படி செய்வது நல்லது. அப்போது கை அவருடைய கட்டுப்பாட்டிலேயே இருக்கும். கணினி வகுப்பு என்றால் மவுஸை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையில் தொடங்குங்கள். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது அது, பார்வையற்றவரான ஜேம்ஸ் தே பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார். இதே வேலையைச் செய்ய ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஏற்கனவே உள்ளேயே இருக்கின்றன.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அன்றைய வேலை வரிசையைப் படமாகவோ எழுத்தாகவோ கண்முன் வைத்துவிடுங்கள், மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு நேரத்தில் கொஞ்சம் நெகிழ்வு தேவைப்படும். மருந்தின் தாக்கத்தால் காலையில் மந்தமாக இருப்பவருக்குப் பதினொரு மணிக்குத் தொடங்கும் வகுப்பு பெரிய உதவி.

6. கருவியும் பாதுகாப்பும்

பொருளை அசையாமல் ஒரே இடத்தில் பிடித்துக்கொள்ளும் சட்டத்தைப் பட்டறைக்காரர்கள் ஜிக் என்பார்கள். ஒரு கையால் வேலை செய்பவருக்கு அதுதான் இன்னொரு கை. எண்ணத் தெரியாதவருக்குப் பத்துக் குழி உள்ள பலகை கொடுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒன்று வைத்து, பலகை நிறைந்ததும் பெட்டியில் கொட்டினால் கணக்குத் தப்பாது. இதைச் செய்ய ஒரு மரத்துண்டும் துளையிடும் கருவியும் போதும். விலை உயர்ந்த உபகரணம் வாங்குவதற்கு முன் பக்கத்துத் தச்சரிடம் பேசிப் பாருங்கள்.

பயத்தால் யாரையும் இயந்திரத்தை விட்டு விலக்கிவைக்க வேண்டாம். காப்பு மூடி போடுங்கள், அவசர நிறுத்தப் பொத்தானைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஆனால் சில இடங்களில் கண்டிப்பு வேண்டும். வலிப்பு கட்டுப்பாட்டில் இல்லாதவரைத் திறந்த கத்தி, உயரம், கொதிக்கும் திரவம் பக்கம் வைக்கக் கூடாது. தண்டுவடக் காயத்தாலோ தொழுநோயாலோ உணர்ச்சி இழந்த பகுதியில் சூடு பட்டால் வலிக்காது, அவருக்குத் தெரிவதற்குள் ஆழமாக வெந்திருக்கும். இஸ்திரிப் பெட்டி, சால்டரிங் கம்பி உள்ள மேசையில் இதை நினைவில் வையுங்கள். சக்கர நாற்காலியிலேயே நாள் முழுக்க இருப்பவர் கால் மணிக்கும் அரை மணிக்கும் இடையில் ஒருமுறையாவது உடலைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். வேலையில் மூழ்கினால் இது மறந்துபோகும், அதனால் கூடத்துக்கே பொதுவாக ஒரு மணி அடித்து, எல்லோருமே அசைந்து கொடுங்கள்.

7. பணமும் முடிவுத் தேதியும்

பயிற்சியில் செய்த பொருள் விற்றால் அந்தப் பணம் யாருக்கு? சேரும் நாளிலேயே எழுதிக் காட்டுங்கள், படிக்க முடியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். விற்கும் தரத்தில் ஒருவர் செய்யத் தொடங்கிவிட்டால் அது பயிற்சி அல்ல, உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு.

பயிற்சிக்கு முடிவுத் தேதி வேண்டும். "பயிலுநர்" என்ற பெயரிலேயே வருடக்கணக்கில் ஒரே மேசையில் சொற்ப ஊக்கத்தொகைக்கு உட்கார வைப்பது பல நாடுகளில் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளை மட்டும் தனியே வைத்து வேலை வாங்கும் இப்படிப்பட்ட பட்டறைகளை, வேலைக்கான உரிமையை நிறைவேற்றியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்று ஐ.நா. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2022-இல் விளக்கக் குறிப்பே வெளியிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பட்டறைகூட வெளியே போகும் கதவு இல்லாவிட்டால் இந்த நிலைக்குத்தான் வந்து சேரும்.

8. வேலையில் சேர்த்த பிறகு

முதல் வாரம் பயிற்றுநர் கூடவே போக வேண்டும். பட்டறையில் சரியாகச் செய்தவர் புதிய இடத்தில் தடுமாறுவது இயல்பு. இயந்திரம் வேறு, வெளிச்சம் வேறு, அதட்டும் குரல் வேறு. அங்கேயும் அதே படிப் பட்டியலைப் போடுங்கள், அதே மாதிரி உதவியைக் குறையுங்கள். பக்கத்தில் வேலை செய்யும் ஒருவரை, சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய ஆளாக முதல் நாளே பேசி வைத்துவிட்டால் நீங்கள் விலகுவது எளிது.

முதலாளியிடம் இரக்கத்தைக் கேட்காதீர்கள், மாற்றத்தைக் கேளுங்கள். மேசையை நான்கு அங்குலம் உயர்த்துவது, வாய்மொழிக் கட்டளையைக் கைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்புவது, அரை மணி தள்ளி வரவிடுவது போன்ற சின்ன மாற்றங்களே பலருக்குப் போதும். இப்படி நியாயமான மாற்றம் செய்து தர மறுப்பதை அந்த ஐ.நா. உடன்படிக்கை பாகுபாடு என்றே வகைப்படுத்துகிறது.

சொந்தத் தொழில் தொடங்குபவருக்கு வேறு உதவி வேண்டும். மூலப்பொருள் எங்கே வாங்குவது, விலை எப்படிப் போடுவது, கடன் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது, வங்கிக் கணக்கை யார் கையாள்வது என்பதையெல்லாம் பயிற்சிக் காலத்திலேயே பழக்க வேண்டும். கணக்கு அவர் பெயரில் இருப்பது மட்டும் போதாது, அட்டையும் கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வேலையை விட்டிருந்தால் காரணம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த குழுவுக்கான பாடத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது அந்தப் பதில்களில் இருக்கும். நன்றாகக் கற்றவர்களில் சொல்லித்தர விருப்பம் உள்ளவர் யார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அடுத்த பட்டறைக்கு அவரை உதவிப் பயிற்றுநராகச் சம்பளத்தோடு அழையுங்கள்.